ஆசிரியர் அறையில் நடப்பது: பள்ளிகளில் பணியிடத் துன்புறுத்தலும் அதைத் தடுக்கும் பண்பாடும்

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில் ஆசிரியர் அறையில் எல்லோருடைய கண்ணும் கால அட்டவணை மேல்தான் இருக்கும். யாருக்கு எந்த வகுப்பு, யாருக்குக் கடைசிப் பாடவேளை, யாருக்கு எத்தனை ஓய்வு என்று அந்த ஒரு தாளில் ஓர் ஆண்டு அடங்கிவிடும். நான் முன்பு பணியாற்றிய பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை ஒருவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு நடந்த ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, “விடைத்தாள் திருத்த மூணு நாள் பத்தாது சார், இன்னும் ரெண்டு நாள் கொடுங்க” என்று கேட்டார். கேட்டது அவ்வளவுதான்.

அடுத்த வாரத்திலிருந்து அவருடைய ஓய்வுப் பாடவேளைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. யார் விடுப்பில் போனாலும் பதிலி வகுப்பு நோட்டில் அவர் பெயர் இருந்தது. பேருந்து தாமதமாகி இரண்டு நிமிடம் பிந்தி வந்த நாளில் வருகைப் பதிவேடு தலைமையாசிரியர் அறைக்குள் போயிருந்தது. அவருடைய கட்டத்தில் மட்டும் சிவப்பு மையில் கேள்விக்குறி. மதியம் சேர்ந்து சாப்பிட்டவர்கள் மெல்ல இடம் மாறினார்கள். ஒரு நாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒலிபெருக்கியிலேயே, “எட்டாம் வகுப்பு பி பிரிவு வரிசை ஏன் இப்படிக் கோணலா நிக்குது? டீச்சர் தூங்குறாங்களா?” என்று தலைமையாசிரியர் கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் மூன்றடி தள்ளி நின்றேன். எதுவும் சொல்லவில்லை. அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு அவர் வேலைக்கு வரவில்லை.

இதில் எந்த ஒரு செயலையும் தனியே எடுத்து எழுதினால் புகாராக நிற்காது. பதிலி வகுப்பு எல்லோருக்கும் வருவது. தாமதமாக வந்தால் கேட்பது நிர்வாகத்தின் கடமை. யார் யாரோடு சாப்பிடுவது என்பது அவரவர் விருப்பம். ஆனால் எல்லாம் சேர்ந்து ஒரே ஆள் மேல், வாரம் தவறாமல், மாதக்கணக்கில் விழும்போது அது வேறொன்றாகிவிடுகிறது. நம் பள்ளிகளில் இதை ‘டார்ச்சர்’ என்பார்கள், ‘ஓரங்கட்டுறாங்க’ என்பார்கள். ஆய்வாளர்கள் இதைப் பணியிடத் துன்புறுத்தல் என்று அழைத்து நாற்பது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டவற்றில் பள்ளிகளுக்குப் பொருந்துவதைத் தொகுத்து, இதைத் தடுக்கும் ஆற்றல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பெயர் வந்த கதை

ஜெர்மனியில் பிறந்து ஸ்வீடனில் பணியாற்றிய உளவியலாளர் ஹைன்ஸ் லேமன் 1980-களில் இதை முறையாக ஆராயத் தொடங்கினார். அவர் எடுத்துக்கொண்ட சொல் ‘மாபிங்’. சிறு பறவைகள் கூட்டமாகத் திரண்டு ஒரு பெரிய விலங்கைக் கத்தி விரட்டுவதைக் குறிக்க விலங்கு நடத்தை அறிஞர் கான்ராட் லோரன்ஸ் பயன்படுத்திய சொல் அது. பேச்சை இடைமறிப்பது, பேசாமல் ஒதுக்குவது, மற்றவர்களிடமிருந்து தள்ளி உட்காரவைப்பது, பொருளற்ற வேலை தருவது, முதுகுக்குப் பின்னால் பேசுவது என்று 45 வகைச் செயல்களை லேமன் பட்டியலிட்டார். வாரத்துக்கு ஒரு முறையாவது, ஆறு மாதத்துக்குக் குறையாமல் நடந்தால் அது துன்புறுத்தல் என்பது அவர் வகுத்த அளவுகோல்.

பிரிட்டனில் பத்திரிகையாளர் ஆண்ட்ரியா ஆடம்ஸ் 1992-இல் வெளியிட்ட நூல் இந்தச் சிக்கலைப் பொதுமக்களின் பேச்சுக்குக் கொண்டுவந்தது. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் ஸ்டோலே ஐனார்சனும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய வினாப்பட்டியல் இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. அதன் திருத்திய வடிவில் 22 கேள்விகள். ‘உங்களைத் துன்புறுத்துகிறார்களா’ என்று அது நேரடியாகத் தொடங்குவதில்லை. ‘உங்கள் கருத்தைப் புறக்கணிக்கிறார்களா’, ‘வேலைக்குத் தேவையான தகவலை மறைக்கிறார்களா’ என்று செயல்களைக் கேட்கிறது. பாதிக்கப்பட்டவர் பல நேரம் தனக்கு நடப்பதற்குப் பெயர் தெரியாமலே இருப்பார். செயலைக் கேட்டால் அவரால் சொல்லிவிட முடியும்.

இந்த வரையறைகளுக்குப் பொதுவாக மூன்று கூறுகள் உண்டு: செயல் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும், நீடிக்க வேண்டும், பாதிக்கப்படுபவர் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத அளவுக்கு அதிகாரத்தில் ஏற்றத்தாழ்வு இருக்க வேண்டும். கண்டிப்பையும் கொடுமையையும் பிரித்துப் பார்க்க இது உதவும். தலைமையாசிரியர் வகுப்பைப் பார்வையிட்டு, பாடக்குறிப்பு எழுதவில்லை என்று சுட்டிக்காட்டித் திருத்தச் சொல்வது அவர் வேலை. அதே குறையை நான்கு பேரிடம் கண்டும் ஒருவருக்கு மட்டும் மெமோ கொடுப்பதும், அதைப் பிள்ளைகள் காதுபடச் சொல்வதும் வேறு.

பள்ளிக்கூடம் ஏன் இதற்கு இடம் கொடுக்கிறது

அமெரிக்க ஆய்வாளர்கள் ஜோசப் பிளேஸ், ஜோ பிளேஸ் இருவரும் தலைமையாசிரியர்களால் துன்புற்ற 50 ஆசிரியர்களிடம் விரிவாகப் பேசி 2003-இல் ஒரு நூல் எழுதினார்கள். கொடுமை படிப்படியாக ஏறுவதை அவர்கள் மூன்று நிலைகளாகக் காட்டினார்கள். முதலில் மறைமுகமானது: ஆசிரியரின் கருத்தைப் பொருட்படுத்தாதது, தனிமைப்படுத்துவது. அடுத்து நேரடியானது: வேவு பார்ப்பது, வேலையைச் சுமத்துவது, குறை சொல்லிக்கொண்டே இருப்பது. கடைசியில் கடுமையானது: பொய்க் குற்றச்சாட்டு, மிரட்டல், வெளியேற்றம். முதல் படியில் யாரும் தடுக்காததால்தான் மூன்றாம் படி வருகிறது.

பள்ளிக்கென்றே சில இயல்புகள் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு தனியே செய்யும் வேலை இது. ஓர் ஆசிரியர் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்பது சக ஆசிரியருக்குத் தெரியாது, வதந்திக்கு அங்கே இடம் அதிகம். தற்செயல் விடுப்புக்கு அனுமதி, கால அட்டவணை, தேர்வுப் பணி, பணிப்பதிவேட்டில் இடும் குறிப்பு என்று சிறு சிறு அதிகாரங்கள் ஒருவர் கையில் குவிந்திருக்கின்றன. அரசுப் பள்ளியில் ‘17(பி) போட்டுடுவேன்’ என்று, ஒழுங்கு நடவடிக்கை விதியைச் சொல்லி மிரட்டும் ஒரு வாக்கியம் போதும், ஓர் ஆசிரியர் ஆண்டு முழுவதும் தலை குனிந்து நடப்பார். தனியார் பள்ளியில் அசல் சான்றிதழ்களை நிர்வாகம் வாங்கி வைத்துக்கொண்டிருந்தால் ஆசிரியருக்கு வேலையை விட்டுப் போகும் வழியும் அடைபட்டுவிடுகிறது.

ஒரே கூரையின் கீழ் பல படிகளும் இருக்கின்றன. நிரந்தரப் பணியில் இருப்பவர், தொகுப்பூதியத்தில் இருப்பவர், எழுத்தர், அலுவலக உதவியாளர், துப்புரவுப் பணியாளர், சத்துணவுச் சமையலர். தமிழ்நாட்டில் 2012-இல் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் பணியில் சேர்ந்த பகுதிநேர ஆசிரியர்கள் நிரந்தர ஆசிரியரோடு ஒரே மேசையில் உட்கார்ந்தாலும் ஒரே குரலில் பேச முடிவதில்லை. வேலை நிலையில்லாதவர் துன்புறுத்தப்பட்டால் புகார் சொல்வதற்கு முன் வேலை போய்விடுமா என்று பத்து முறை யோசிப்பார்.

சாதியும் இந்தப் படிகளுக்குள் ஊடுருவி நிற்கிறது. 2018-இல் திருப்பூர் மாவட்டப் பள்ளி ஒன்றில் பட்டியல் சாதியைச் சேர்ந்த சத்துணவுச் சமையலர் சமைக்கக் கூடாது என்று ஊரில் சிலர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அந்தப் பெண்ணை வேறு பள்ளிக்கு மாற்றியதுதான். பெரும் கண்டனம் எழுந்த பிறகே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. இதில் கவனிக்க வேண்டியது அந்த முதல் எதிர்வினை. யார் காயப்பட்டாரோ அவரை நகர்த்தினால் பிரச்சினை முடிந்துவிடும் என்று நிர்வாகம் நினைக்கிறது. எல்லா வகைப் பணியிடத் துன்புறுத்தலிலும் நிறுவனங்களின் கை முதலில் போவது இந்தப் பக்கம்தான்.

அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் பிரமிளா டி’குரூஸும் எர்னஸ்டோ நொரோனாவும் இந்தியக் கால்சென்டர்களை ஆராய்ந்து ஒரு முக்கியமான கருத்தைச் சொன்னார்கள். துன்புறுத்துவது எப்போதும் ஒரு தனிமனிதராக இருக்க வேண்டியதில்லை. வேலையை அமைத்திருக்கும் முறையே அன்றாடம் மனிதரை நசுக்கலாம் என்பது அது. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் பாட ஆசிரியரை எல்லோர் முன்னும் எழுப்பி நிற்கவைக்கும் மீளாய்வுக் கூட்டம் அப்படிப்பட்டது. மேலே இருப்பவர் கீழே இருப்பவரைக் கேட்பார், அவர் தனக்குக் கீழே இருப்பவரைக் கேட்பார். அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் ஓர் ஆசிரியரும், அவருக்குப் பின்னால் ஒரு மாணவனும் நிற்கிறார்கள்.

கோபே சொல்லும் பாடம்

பள்ளி ஊழியர்களுக்குள் நடக்கும் துன்புறுத்தலை உலகமே பார்த்த நிகழ்வு ஒன்று ஜப்பானின் கோபே நகரில் நடந்தது. அங்குள்ள ஹிகாஷி-சுமா தொடக்கப் பள்ளியில் இருபதுகளில் இருந்த ஆசிரியர் ஒருவரைச் சக ஆசிரியர்கள் நான்கு பேர் நீண்ட காலம் வதைத்தது 2019 அக்டோபரில் வெளியே வந்தது. பள்ளியின் மனையியல் அறையில் ஒருவர் பின்னாலிருந்து அவருடைய கைகளைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கடுங்காரமான கறிக்குழம்பை வாயில் திணிக்கும் காணொளி தொலைக்காட்சிகளில் ஓடியது. மற்ற சில இளம் ஆசிரியர்களும் பாதிக்கப்பட்டிருந்தார்கள். வழக்கறிஞர்கள் அடங்கிய விசாரணைக் குழு நூற்றுக்கும் மேற்பட்ட துன்புறுத்தல் செயல்களை உறுதிசெய்தது. 2020 பிப்ரவரியில் இருவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள்; மற்ற இருவருக்கும் முந்தைய தலைமையாசிரியருக்கும் தண்டனை கிடைத்தது. அந்தப் பள்ளியின் மதிய உணவுப் பட்டியலிலிருந்து கறிக்குழம்பையே சில காலம் எடுத்துவிட்டார்கள். ஆசிரியர் அறையில் நடந்தது பிள்ளைகளின் தட்டு வரை வந்துவிட்டது.

இந்த வழக்கை நான்கு கெட்டவர்களின் கதையாகப் படித்தால் அதன் பாடம் நமக்குக் கிடைக்காது. வதைத்தவர்கள் இளையவர்களுக்கு வழிகாட்டும் இடத்தில் இருந்தவர்கள். முந்தைய தலைமையாசிரியரே அதட்டி நடத்தும் போக்கு உடையவராக இருந்தார். செய்தி வெளியே வருவதற்கு மூன்று மாதம் முன்பே, 2019 ஜூலையில், விஷயம் அப்போதைய தலைமையாசிரியர் காதுக்கு வந்திருந்தது. அவர் வாய்மொழியாக எச்சரித்துவிட்டு, மனித உறவில் ஏற்பட்ட சிக்கல் என்ற அளவில் கல்வி வாரியத்துக்குத் தெரிவித்தார். ஆசிரியர் இடமாற்றத்தைத் தலைமையாசிரியர்களே தங்களுக்குள் பேசித் தீர்மானிக்கும் வழக்கமும் அந்த நகரில் இருந்தது. தலைமையாசிரியருக்கு வேண்டியவர் யாராலும் தொட முடியாதவர் ஆவதற்கு அது வழி வகுத்தது என்ற விமர்சனம் எழுந்து, பின்னர் அந்த வழக்கம் கைவிடப்பட்டது.

ஆக அங்கே தவறியது ஓர் அமைப்பு. யாரை முன்னுக்குக் கொண்டுவந்தது, எதைப் பார்த்தும் பேசாமல் இருந்தது, முதல் புகாரை என்ன பெயரிட்டு எழுதியது என்ற மூன்றிலும் அது தவறியது. மூன்றாவதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ‘மனித உறவுச் சிக்கல்’ என்று எழுதிய கணத்தில் வதைத்தவரும் வதைபட்டவரும் சமமான இரு தரப்பாகிவிடுகிறார்கள். நம் ஊரில் அதற்கு ‘ரெண்டு பேரும் அனுசரிச்சுப் போங்க’ என்று பெயர்.

பண்பாடு என்றால் என்ன

நிறுவனப் பண்பாட்டை எட்கர் ஷைன் மூன்று அடுக்குகளாகப் பிரித்துக் காட்டினார். மேலே கண்ணுக்குத் தெரிவது. நடுவில் வாயால் சொல்லிக்கொள்ளும் மதிப்புகள். அடியில் யாரும் சொல்லாமலே எல்லோரும் நம்புவது. பள்ளியில் மேலடுக்கு என்பது சுவரில் எழுதிய பொன்மொழி. நடு அடுக்கு என்பது ஆண்டு விழாவில் ‘நாங்கள் ஒரே குடும்பம்’ என்று சொல்வது. அடியடுக்கு, ‘நாங்களும் சேர்ந்த புதுசுல இதெல்லாம் பட்டுத்தான் வந்தோம்’ என்ற நம்பிக்கை. புதிய ஆசிரியர் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வது இந்த மூன்றாவதைத்தான். யார் பேசும்போது எல்லோரும் அமைதியாகிறார்கள், யாரைக் கேலி செய்யலாம், யார் பெயரைச் சொல்லக் கூடாது என்று அவர் கவனித்துப் பழகிவிடுகிறார்.

லேமன் தொடக்கத்திலிருந்தே வலியுறுத்தியதும் இதுதான். பாதிக்கப்பட்டவரின் குணத்தில் காரணம் தேடாதீர்கள். வேலை அமைந்திருக்கும் விதத்திலும் தலைமையிலும் தேடுங்கள் என்றார். பொறுப்புகள் தெளிவில்லாத இடம், பளு சமமாகப் பகிரப்படாத இடம், தலைவர் கண்டும் காணாமல் இருக்கும் இடம் ஆகியவற்றில் துன்புறுத்தல் முளைக்கிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகளும் ஆதரிக்கின்றன.

இதனால் பிள்ளைகளுக்கு என்ன என்று கேட்பவர்களுக்குச் சிகாகோவில் பதில் இருக்கிறது. அந்நகரின் 400-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளை அந்தோணி பிரைக்கும் பார்பரா ஷ்னைடரும் ஆராய்ந்து 2002-இல் நூலாக்கினார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் மதித்துக் கேட்பது, அக்கறை காட்டுவது, வேலையைத் திறமையாகச் செய்வது, சொன்னபடி நடப்பது ஆகிய நான்கில் உருவாகும் நம்பிக்கையை அவர்கள் அளந்தார்கள். ஆசிரியர்களிடையே நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளில் இரண்டில் ஒன்று முன்னேறியது. வலுவில்லாதவற்றில் ஏழில் ஒன்றுதான். தன் மதிப்பைக் காத்துக்கொள்ளவே சக்தி முழுவதையும் செலவிடும் ஆசிரியரிடம் பாடத்துக்கு மிஞ்சுவது சொற்பம்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்

ஸ்வீடன் 1993-இல் உலகிலேயே முதலாவதாகப் பணியிட ஒடுக்கலுக்கு எதிரான தனி ஆணை பிறப்பித்தது. பிரான்ஸ் 2002-இலும் கனடாவின் கியூபெக் 2004-இலும் உளவியல் ரீதியான துன்புறுத்தலைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தன. தென் கொரியா 2019-இல் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியது. ஜப்பானில் அதிகாரத்தைக் கொண்டு துன்புறுத்துவதைத் தடுக்கும் கடமை 2020-இல் பெரிய நிறுவனங்களுக்கும் 2022-இல் சிறியவற்றுக்கும் வந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆம் உடன்படிக்கை 2019-இல் ஏற்கப்பட்டு 2021-இல் நடைமுறைக்கு வந்தது. ஒரே ஒரு முறை நடந்தாலும் அது வன்முறையாகலாம் என்று அது சொல்கிறது.

இந்தியாவில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் இடத்தில் உள்ளகக் குழு அமைப்பது கட்டாயம். சாதியின் பேரில் நடக்கும் இழிவுக்கு 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இவை இரண்டிலும் அடங்காத அன்றாடத் துன்புறுத்தலுக்கென்று தனிச் சட்டம் இல்லை. தொடக்கத்தில் சொன்ன கணக்கு ஆசிரியை எந்தச் சட்டத்தின் கதவையும் தட்டியிருக்க முடியாது. அப்படியொரு சட்டம் இங்கே வர வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஆனால் சட்டம் வந்தாலும் அது நடந்து முடிந்த பிறகுதான் உள்ளே வரும். நடக்காமல் பார்த்துக்கொள்வது பள்ளியின் வேலை.

எது பயன் தருகிறது

தடுப்பு முயற்சிகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பாய்வுக்கு, 4,116 பேர் பங்கேற்ற ஐந்து ஆய்வுகள் மட்டுமே தேறின. சான்றுகளின் தரமும் மிகக் குறைவு என்று அது ஒளிக்காமல் சொன்னது. நிறுவனம் முழுவதையும் தழுவிய முயற்சிகளில் மரியாதையான நடத்தை ஓரளவு கூடியதற்கு அறிகுறி இருந்தது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 2005-இல் தொடங்கிய திட்டம் அத்தகையது. ஊழியர்கள் தவறாமல் கூடி, நம் இடத்தில் மரியாதை என்றால் என்ன என்று தாங்களே பேசி முடிவுசெய்கிறார்கள். கனடிய மருத்துவமனைகளில் அதை ஆறு மாதம் நடத்திச் சோதித்தபோது நடத்தை மேம்பட்டது. விடுப்பு எடுப்பதும் குறைந்தது. ஒரு நாள் பயிற்சியும் கையெழுத்துப் படிவமும் தராத பலன் அது.

புகார் எண்ணிக்கையைப் படிக்கும் விதத்தையும் நாம் மாற்ற வேண்டும். மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக நடத்தப்பட்ட குழுக்களே மருந்துத் தவறுகளை அதிகமாகப் பதிவு செய்ததைக் கண்டார். அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை. தவறைச் சொல்லப் பயம் இல்லை. ‘எங்கள் பள்ளியில் ஒரு புகார்கூட இல்லை’ என்று பெருமையோடு சொல்லும் நிர்வாகம் அந்த அமைதி எதனால் என்று விசாரிக்க வேண்டும்.

இவற்றைக் கொண்டு நம் பள்ளிகளில் நாளையே தொடங்கக் கூடியவை சில உண்டு. கால அட்டவணையும் பதிலி வகுப்புப் பங்கீடும் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும். மறைவாகப் பகிரப்படும் வேலைதான் பழிவாங்கலுக்கு எளிய கருவி. ஆசிரியர் கூட்டத்தில் யார் என்ன கேட்டார், என்ன முடிவானது என்று குறிப்பு எழுதப்படட்டும். எந்த ஊழியரையும் மாணவர் முன் கண்டிப்பதில்லை என்பது விலக்கில்லாத விதியாகட்டும். தலைமையாசிரியர் மீதே புகார் இருந்தால் அதை வாங்க பள்ளிக்கு வெளியே ஒருவர் இருக்க வேண்டும். முதல் புகாரை ‘மனஸ்தாபம்’ என்று சுருக்காமல், சொன்னவரின் சொற்களிலேயே தேதியோடு எழுதி, அவரை இடம் மாற்றாமல் விசாரிக்க வேண்டும்.

தலைமையாசிரியர் பதவிக்கு ஆயத்தம் செய்வதும் இதில் அடங்கும். பணிமூப்பில் பதவி உயர்ந்து வருபவர் சம்பளப் பட்டியலையும் தணிக்கையையும் கற்றுக்கொள்கிறார். இரண்டு ஆசிரியருக்கு இடையே புகையும் பகையை எப்படிக் கேட்பது, தன் கோபத்தை எங்கே நிறுத்துவது என்பதை யாரும் அவருக்குச் சொல்லித் தருவதில்லை. அவரும் மேலிருந்து நசுக்கப்படுபவர்தான். அவருக்கும் பேச ஓர் இடம் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தில் நிற்பவர்கள். துன்புறுத்துபவர் முதல் முறை ஒருவரைச் சீண்டும்போது அறையைச் சுற்றிப் பார்க்கிறார். யாரும் பேசாவிட்டால் அனுமதி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார். அந்த வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து தலைமையாசிரியர் அறைக்குப் போய், “பிள்ளைங்க முன்னாடி வேண்டாம் சார்” என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எந்தச் சட்டமும் தேவைப்பட்டிருக்காது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு பள்ளியில் உதவித் தலைமையாசிரியராக இருந்தபோது, பதிலி வகுப்பு நோட்டை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து ஆசிரியர் அறைச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். முதல் மாதம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் மாதம் ஒரு வியாழக்கிழமை, சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத தமிழாசிரியை அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லோரும் இருக்கும்போதே, “சார், இந்த வாரம் என் பேரு நாலு தடவை வந்திருக்கு” என்றார். அறை ஒரு நொடி அமைதியானது. பிறகு மூத்த வரலாற்று ஆசிரியர் தலையை நிமிர்த்தி, “நாளைக்கு மூணாவது பீரியட் நான் போறேம்மா, எழுதிக்குங்க” என்றார்.

நான் எழுதிக்கொண்டேன்.